எந்தப் பேடு போடலாம்? புதுக்கோட்டை ரோட்டுக்கு ஒரு பதில்

"அண்ணே, பிரேக் பேடு மாத்தணும், எந்தக் கம்பெனி நல்லா இருக்கும்?" பைக் வைத்திருக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் வண்டி தினம் எந்த ரோட்டில் போகிறது, பின்னால் என்ன ஏறுகிறது, ராத்திரி எங்கே நிற்கிறது என்பது தெரியாமல் பேடு சொல்ல எனக்கு மனம் வராது. அறந்தாங்கியில் பால் கேன் கட்டி ஓடும் ஸ்பிளெண்டருக்கும், தினமும் திருச்சி போய்வரும் பல்சருக்கும், கோட்டைப்பட்டினத்தில் கடற்கரை ஓரம் நிற்கும் எக்ஸ்எல்லுக்கும் ஒரே பதில் எப்படிப் பொருந்தும்?

யூடியூபில் பேடு பற்றி வரும் வீடியோக்களில் பாதி, பெரிய வண்டிக்காரர்கள் மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது. "சின்டர்டு போட்டேன், கல்லு மாதிரி நிக்குது" என்பார்கள். அவர்கள் ஓட்டும் விதத்துக்கு அது சரி. அதைப் பார்த்துவிட்டு நம்ம ஊர்ப் பையன் 125 சிசி வண்டிக்கு ஆன்லைனில் விலையுயர்ந்த பேடு வரவழைத்துப் போடுகிறான். பேடைக் கவ்வியிருக்கும் காலிபர் மட்டும் மூன்று வருடமாகக் கழற்றாமல் துருவேறிக் கிடக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு, வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த அதே வகைப் பேடு போதும். மிச்சமாகும் பணத்தைக் காலிபர் சர்வீசுக்கும் பிரேக் ஆயிலுக்கும் செலவு செய்யுங்கள்.

ஏன் அப்படி என்றால், நம்ம ஊர் சமதளம். நார்த்தாமலை, குடுமியான்மலை, விராலிமலை என்று பெயரில் மலை உண்டு. ஆனால் நாம் தினம் ஓட்டும் ரோடு எதுவும் மலை ஏறுவதில்லை. பிரேக்குக்கு இது பெரிய விஷயம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் இரண்டு ஆளும் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 35 கிலோஜூல். பிரேக் பிடித்து நிறுத்தினால் அதில் பெரும்பங்கு பேடிலும் டிஸ்க்கிலும் வெப்பமாக மாறும். அடுத்த பிரேக் பிடிப்பதற்குள் காற்று பட்டு ஆறிவிடும்.

இப்போது அதே வண்டி கொல்லிமலையிலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1000 மீட்டர் உயரத்தை இறங்கிக் கழிக்க வேண்டும். 250 கிலோ 1000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 2,450 கிலோஜூல். 60 வேகத்திலிருந்து முழுதாக நிறுத்துவதை 70 தடவை செய்ததற்குச் சமம். அந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவும் 70. எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், உண்மைதான். மீதி முழுக்க பிரேக்கின் தலையில்தான் விழும், நடுவில் ஆறுவதற்கு நேரமும் கிடையாது. சாதாரணப் பேடின் பிசின் அந்தச் சூட்டில் தளர்ந்து, லீவரை அழுத்த அழுத்தப் பிடிப்பு குறையும். சின்டர்டு பேடு அங்கேதான் தன் விலைக்கு வேலை செய்யும். வருடத்துக்கு ஒரு முறை கொடைக்கானலோ கொல்லிமலையோ போகிறவர்கள் அதற்காகப் பேடு மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவது கியரில் இறங்குங்கள், நடுவில் நிறுத்தி டீ குடியுங்கள். டிரம் பிரேக் வண்டியில் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டிரம்முக்குள் சூடு வெளியேற வழி குறைவு.

பேடு வகைகளைப் பார்ப்போம். பேடு என்பது ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஒட்டிய உராய்வுப் பொருள். அந்தப் பொருள் எதனால் ஆனது என்பதில்தான் வித்தியாசம். ஆர்கானிக் என்று சொல்லும் வகையில் நாரும் கனிமத் தூளும் பிசினில் கெட்டிப்பட்டிருக்கும். சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தின்னாது, குளிர்ந்த நிலையிலும் மெதுவாக, சீராகப் பிடிக்கும். செமி மெட்டாலிக்கில் அதோடு இரும்புத் தூளோ கம்பியிழையோ சேர்ந்திருக்கும். சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சின்டர்டு என்பது செம்பு முதலான உலோகத் தூள்களை அழுத்திச் சூடாக்கி ஒன்றாகக் கெட்டிப்படுத்தியது. மழையிலும் சூட்டிலும் நன்றாகப் பிடிக்கும், நாள்பட உழைக்கும். ஆனால் அதற்கென்று செய்யாத டிஸ்க்கை வேகமாகத் தேய்த்துவிடும். டிஸ்க் விலை பேடு விலையைப் போலப் பல மடங்கு.

உராய்வுப் பொருளின் கதை சுவாரசியமானது. 1897-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் மரக்கட்டை பிரேக்கின் மேல் பழைய பூட்ஸ் தோலை ஆணி அடித்து ஓட்டுவதைப் பார்த்தார். கட்டையை விட தோல் நன்றாகப் பிடித்தது. அதிலிருந்து துணியும் பிசினும் கலந்து பிரேக் லைனிங் செய்யத் தொடங்கினார். ஃபெரோடோ என்ற பெயர் அவருடையதுதான். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூடு தாங்கும், விலை மலிவு. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான பிறகுதான் மெல்ல மெல்ல விலகினார்கள். இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் இன்னும் முழுதாகத் தடைசெய்யப்படவில்லை. எனவே உறையில் "ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேர் ஊர் தெரியாத மலிவு ஷூ எதனால் ஆனது என்று கடைக்காரருக்கே தெரியாது. பட்டறையில் டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும், ஏர் பிடித்து அடிப்பதும் வேண்டாம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் தினம் பத்து வண்டி திறக்கிறவர். அவர் உடம்புக்காகவும் சொல்கிறேன்.

சில பேடுகளின் ஓரத்தில் இரண்டு எழுத்து இருக்கும். எஃப்எஃப், ஜிஜி, ஹெச்ஹெச் என்று. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பதையும் சொல்கிறது. ஈ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை. எஃப் 0.35 முதல் 0.45 வரை. ஜி 0.45 முதல் 0.55 வரை. ஹெச் அதற்கும் மேல். இதைப் பார்த்ததும் பெரிய எழுத்தாக வாங்கினால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. வண்டியைக் கடைசியில் நிறுத்துவது டயரும் ரோடும்தான். தேய்ந்த டயரில், கல்தூள் கிடக்கும் ரோட்டில், ஏபிஎஸ் இல்லாத வண்டியில் கடுமையாகக் கவ்வும் பேடு போட்டால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்.

கல்தூள் என்றதும் திருமயம், இலுப்பூர், குளத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். குவாரி லாரி போகும் ரோட்டில் ஓரமெல்லாம் வெள்ளைத் தூள், ஜல்லி. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் செம்மண். அறுவடைக் காலத்தில் கிராமத்து ரோட்டில் உளுந்தும் கொள்ளும் காய்வதற்கும் மிதிபடுவதற்கும் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் முன்பிரேக்கை அமுக்கினால் என்ன ஆகும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விராலிமலைப் பக்கம் மயில் குறுக்கே வரும். மற்ற எல்லா ரோட்டிலும் ஆடு வரும். இந்த ஊருக்கு வேண்டியது திடீரென்று கவ்வுகிற பேடு அல்ல. விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு பிடிக்கிற, முதல் தொடுதலிலேயே நம்பகமாகப் பிடிக்கிற பேடு.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். 60-இல் போகும்போது ஆட்டைப் பார்த்து விரல் லீவருக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்றால், பிரேக் தொடும் முன்பே சுமார் 17 மீட்டர் ஓடியிருப்போம். பிறகு நல்ல காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 24 மீட்டர். மொத்தம் 40 மீட்டர் சொச்சம். 40-இல் போனால் அதே கணக்கு சுமார் 22 மீட்டரில் முடிந்துவிடும். உலகத்தில் எந்தப் பேடும் இந்தப் பாதிக்குப் பாதி வித்தியாசத்தைத் தராது.

இனி, என் மனதில் அதிகம் இருக்கும் விஷயம். நம்ம ஊரில் பேடு தேய்ந்து கெடுவதை விட, பேடைச் சுற்றியிருப்பது கெட்டுப் பேடு வீணாவதுதான் அதிகம். நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணன் ஒரு தடவை கழற்றிய பேடு இரண்டையும் கையில் வைத்துக் காட்டினார். ஒன்று பாதிக்கு மேல் இருந்தது. மற்றது இரும்புத் தகடு தெரியும் அளவுக்குப் போயிருந்தது. "தம்பி, இது பேடு கொற இல்ல. பின்னு ஒட்டிக்கிச்சு. பேட மட்டும் மாத்துனா ரெண்டு மாசத்துல திரும்ப வருவ" என்றார்.

அவர் சொன்னது இதுதான். நம் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது மிதக்கும் காலிபர். ஒரு பக்கம்தான் பிஸ்டன். அது ஒரு பேடைத் தள்ளும். அந்த விசையில் காலிபர் முழுதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து எதிர்ப்பக்கப் பேடை இழுத்துக்கொண்டு வரும். பின்னில் கிரீஸ் காய்ந்து, செம்மண்ணோ துருவோ ஏறிவிட்டால் காலிபர் நகராது. ஒரு பேடு மட்டும் வேலை செய்யும், அது மட்டும் தேயும். பிரேக்கும் பாதி பலம்தான். பேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு பின்னையும் உருவித் துடைத்து, ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம். அது அந்த ரப்பரை ஊதிப்போக வைக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்த பிறகே அதை உள்ளே தள்ள வேண்டும். அப்படியே தள்ளினால் அழுக்கு சீலைக் கிழிக்கும்.

உங்கள் வண்டியில் இந்தப் பிரச்சினை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக்கைப் பிடித்து விட்டுவிட்டு மறுபடி சுற்றுங்கள். முன்பு போலவே சுற்ற வேண்டும். இழுத்தால், பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்த பிறகு டிஸ்க் பக்கத்தில் அனல் அடித்தால், மைலேஜ் குறைந்திருந்தால், காலிபர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. (டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள். கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும்.)

முன் ஃபோர்க்கில் ஆயில் சீல் போய் எண்ணெய் வழிந்தால் அது நேராக டிஸ்க்குக்கும் காலிபருக்கும்தான் வரும். எண்ணெய் குடித்த பேடை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி போடுவது பட்டறைகளில் வழக்கம். ஒரு நாள் பிடிக்கும். சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வரும். அந்தப் பேடு போய்விட்டது, வேறு வாங்குவதுதான் வழி. சங்கிலிக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்க்கை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். டிஸ்க்கை மண்ணெண்ணெய், டீசல் வைத்துத் துடைக்கவே கூடாது.

டிஸ்க் பேடு பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 1999-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட்டும் 2001-இல் வந்த பல்சரும்தான் முன்சக்கர டிஸ்க்கை நம் ஊர் இளைஞர்களிடம் பரவலாக்கின. அதற்குப் பிறகும், இன்று வரைக்கும், நம் கிராமத்து ரோடுகளில் ஓடும் வண்டிகளில் பெரும்பங்கு டிரம்தான். ஸ்பிளெண்டர், ஆக்டிவாவில் 130 மி.மீ. டிரம், எக்ஸ்எல் 100-இல் 110 மி.மீ. டிரம் இரண்டு பக்கமும். இவற்றில் பேடு கிடையாது, ஷூ. வாங்கும் விதி ஒன்றுதான், பார்க்கும் விதம் வேறு.

டிரம் பிரேக்கில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிரேக் ஆர்முக்குப் பக்கத்தில் பல வண்டிகளில் ஓர் அம்புக்குறி இருக்கும், தட்டில் ஒரு கோடும் இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அம்பு கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்தது. இதைக் கவனிக்காமல் நட்டைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டே போவோம். நட்டு கடைசி மரைக்கு வந்ததும் சில பட்டறைகளில் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருவார்கள். "இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்பார்கள். இதை மட்டும் அனுமதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கேம் ஷூவை விரிப்பதற்கு ஓர் அளவு வரைதான் திரும்பலாம். தேய்ந்த ஷூவோடு அதைத் தாண்டித் திரும்பினால் கேம் புரண்டு சிக்கி, சக்கரம் விடாமல் பூட்டிக்கொள்ளும். சில நூறு ரூபாய் ஷூவை மிச்சம் பிடிக்க இப்படி ஒரு ஆபத்து எதற்கு?

டிரம்மையும் பார்க்க வேண்டும். எந்த அளவு வரை தேயலாம் என்று ஹப்பிலேயே வார்த்திருப்பார்கள். 130 மி.மீ. டிரம்முக்குப் பொதுவாக 131. அதற்கு மேல் போனால் புது ஷூ போட்டாலும் முழுப் பரப்பும் ஒட்டாது, பிடிப்பும் வராது. ஷூ மாற்றிய பிறகு லீவரில் 10 முதல் 20 மி.மீ., கால் பெடலில் 20 முதல் 30 மி.மீ. தளர்வு (ஃப்ரீ பிளே) இருக்க வேண்டும். 2019 ஏப்ரலில் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் கூட்டு பிரேக்கோ ஏபிஎஸ்ஸோ கட்டாயமானது, அதற்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ். கூட்டு பிரேக் உள்ள ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தால் முன்பிரேக்கும் கொஞ்சம் வேலை செய்யும். எனவே முன்பிரேக்கையே தொடுவதில்லை என்று சொல்கிறவர்களின் வண்டியிலும் முன் ஷூ தேய்ந்துகொண்டுதான் இருக்கும். இரண்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

டிரம் வண்டிகளில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மீன் வண்டிகள். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விடியற்காலையில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியை எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு ஆவுடையார்கோயில், அறந்தாங்கி என்று ஊர் ஊராகப் போகிற வியாபாரிகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்க்கலாம். அந்தப் பெட்டியிலிருந்து உருகி வடியும் தண்ணீர் உப்பும் மீன் சாறும் கலந்தது. அது எங்கே விழுகிறது என்று பாருங்கள். நேராகப் பின் ஹப்பின் மேல். பிரேக் தட்டு அலுமினியம், கேம் இரும்பு. உப்புத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே புகுந்தால் கேம் தட்டோடு சேர்ந்து இறுகிவிடும். பிறகு மிதித்த பிரேக் திரும்பாது, அல்லது மிதிக்கவே வராது. சுமை பின்னச்சுக்கு மேலேயும் பின்னாலேயும் இருப்பதால் இந்த வண்டிகளில் பின்பிரேக்கின் பங்கு மற்ற வண்டிகளை விடப் பெரிது. அதுதான் முதலில் கெடுகிறது.

இதற்கு விலையுயர்ந்த ஷூ எதுவும் உதவாது. வியாபாரம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஹப்பின் மேல் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி, பிறகு பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஒரு தெருத் தூரம் ஓட்டிக் காயவைக்க வேண்டும். மாதத்துக்கொரு தடவையாவது பின்சக்கரத்தைக் கழற்றி, கேமை வெளியே எடுத்துத் துடைத்து, மிகக் கொஞ்சமாகக் கிரீஸ் தொட்டு வைத்து மாட்ட வேண்டும். கிரீஸ் அதிகமானால் ஷூவில் படும். எல்லாவற்றையும் விட எளிதானது, பெட்டியின் வடிகால் துளையில் ஒரு முழம் ரப்பர் டியூப் செருகி, தண்ணீர் ஹப்பையும் டயரையும் தாண்டி ஓரமாக விழும்படி கட்டிவிடுவது. பத்து இருபது ரூபாய் டியூப்.

சரி, கடைக்குப் போவோம். எந்தக் கம்பெனி என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பேடின் வடிவம் காலிபரைப் பொறுத்தது. உங்கள் காலிபரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கேடிஎம், ராயல் என்ஃபீல்டு வண்டிகள் பலவற்றில் பைபிரே என்று இருக்கும். அது இத்தாலியின் பிரெம்போ நிறுவனம் சின்ன வண்டிகளுக்கென்று வைத்திருக்கும் பெயர். வேறு வண்டிகளில் நிஸின், எண்டூரன்ஸ் என்று பார்க்கலாம். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் காலிபர் மாறுவதுண்டு. எனவே "இந்த வண்டிக்கு ஒரு பேடு" என்று வாயால் கேட்காமல், பழைய பேடைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் தகட்டின் மேல் தகடு வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். காதும் துளையும் ஒரு மில்லி மாறியிருந்தாலும் தட்டித் திணித்து மாட்டக் கூடாது.

வண்டிக் கம்பெனியின் பெயரில் வரும் பேடு, அந்த வண்டிக்கே பிரேக் செய்து கொடுத்த நிறுவனத்தின் பேடு, பெயர் பெற்ற பிரேக் லைனிங் நிறுவனத்தின் பேடு, இந்த மூன்றில் எது கிடைத்தாலும் எனக்குச் சம்மதம். நமக்கு இது தூரத்துச் சரக்கும் அல்ல. சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-இலிருந்து இருக்கிறது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடியில்தான். ரானே நிறுவனத்தின் பிரேக் லைனிங் ஆலை ஒன்று நமக்குப் பக்கத்தில், விராலிமலைக்கு வடக்கே திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் சேதுராப்பட்டியில் இருக்கிறது. நம்ம பிள்ளைகள் ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு அந்த நெடுஞ்சாலையிலுள்ள வண்டி உதிரிபாக ஆலைகளுக்குத்தான் ஷிஃப்ட் பேருந்து ஏறுகிறார்கள்.

பயப்பட வேண்டியது டூப்ளிகேட்டுக்கு. பெட்டியின் நிறம், எழுத்து, படம் எல்லாம் அசல் போலவே இருக்கும். நான் பார்ப்பது இவற்றை: உறையில் தயாரித்தவர் பெயரும் முகவரியும், தயாரித்த மாதம் வருடம், அதிகபட்ச விலை, புகாருக்கு ஒரு தொலைபேசி எண். இவை சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாங்க மாட்டேன். பிறகு பேடையே பார்ப்பேன். உராய்வுப் பொருள் தகட்டோடு ஒட்டிய இடத்தில் இடைவெளியோ விரிசலோ இருக்கக் கூடாது. தகட்டின் பின்னால் எண் அழுத்தமாகப் பொறித்திருக்க வேண்டும். மலிவுப் பேடின் பெரிய ஆபத்து சீக்கிரம் தேய்வதல்ல. பசை விட்டு, பொருள் தகட்டிலிருந்து கழன்றுவிடுவது. அது நடந்தால் அந்த நொடியில் பிரேக்கே இல்லை. பில் கேளுங்கள். பில் தரத் தயங்குகிற கடையில் பிரேக் சாமான் வாங்க வேண்டாம்.

எப்போது மாற்றுவது? புதுப் பேடில் உராய்வுப் பொருள் சுமார் 4, 5 மி.மீ. இருக்கும். பல கம்பெனிகள் ஒன்று, ஒன்றரை மி.மீ. வரை விடலாம் என்கின்றன. நான் இரண்டிலேயே மாற்றிவிடச் சொல்வேன். புழுதி ரோட்டில் கடைசி மில்லி வேகமாகப் போகும், தகடு டிஸ்க்கில் உரசத் தொடங்கினால் செலவு டிஸ்க்குக்குத் தாவும். டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளக்க வெர்னியர் பட்டறையில் இருக்கும், கேட்டால் அளந்து சொல்வார்கள்.

பேடு மாற்றும்போது பிரேக் ஆயிலையும் பாருங்கள். பேடு தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. இடையில் மேலே ஊற்றி நிரப்பியிருந்தால், புதுப் பேடுக்காகப் பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் வழிந்து டாங்க் பெயிண்ட்டைத் தின்னும். ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றி ஏர் எடுத்துவிட வேண்டும். மூடியில் டாட் 3 என்று போட்டிருக்கிறதா, டாட் 4 என்றா என்று பார்த்து அதையே ஊற்றுங்கள்.

புதுப் பேடு போட்டதும் முதல் வேலை, வண்டி நகர்வதற்கு முன்பே லீவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துவது. இதை மறந்து பட்டறை வாசலிலேயே மோதியவர்கள் உண்டு. பிறகு கூட்டமில்லாத ரோட்டில் 40 வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைப்பதைப் பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள், நடுவில் ஆறவிட்டு. முதல் 200, 300 கி.மீ. வரை அவசரப் பிரேக்கைத் தவிர்த்து ஓட்டினால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிந்துவிடும். அது படியும் முன் "புதுப் பேடு பிடிக்கல" என்று திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

யாருக்கு எது என்று சொல்லி முடிக்கிறேன். தினமும் திருச்சிக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் நெடுஞ்சாலையில் போகும் பெரிய வண்டி, அதில் தொழிற்சாலையிலேயே சின்டர்டு வந்திருந்தால் அதையே தொடருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் அருமை தெரியும். 100 முதல் 160 சிசி வரையிலான வண்டிகளுக்கு வண்டியோடு வந்த வகையே, ஆர்கானிக்கோ செமி மெட்டாலிக்கோ. ஸ்கூட்டருக்கும் டிரம் வண்டிக்கும் கம்பெனி ஷூ, இரண்டு சக்கரத்துக்கும். பேடு எப்போதும் ஜோடியாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ மீன் வண்டி, பால் வண்டி, பூ வண்டி ஓட்டுகிற அண்ணனோ மாமாவோ இருந்தால், இந்த வாரம் அவர் வண்டியின் பின்சக்கரத்தை ஒரு தடவை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் நீங்களே பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.